தொண்டையில் ஒரு பிளம் கொட்டை

எச்சில் விழுங்கினால் இருக்கிறது. இட்லி விழுங்கினால் இல்லை.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு இப்படி ஒரு வியாதி வந்தது. சாப்பாடு தாராளமாக இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் தொண்டை நடுவில் ஓர் உருண்டை வந்து நிற்கும். ராத்திரி படுத்தால் அது எலுமிச்சம்பழ சைஸுக்கு வளரும். கான்சராக இருக்குமோ என்று நினைத்தால் பூசணிக்காய். காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ட்யூப் விட்டுப் பார்த்துவிட்டு, 'ஒண்ணுமே இல்ல சார், சுத்தமா இருக்கு. டென்ஷனைக் குறைச்சுக்குங்க' என்றார். பிறகு பில்லைக் கொடுத்தார்.

அந்த வாரம் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த நண்பன் ஒரு சின்ன பாட்டிலை நீட்டினான். உள்ளே மிளகு சைஸில் கறுப்பு உருண்டைகள். 'ஆயிரத்து எண்ணூறு வருஷத்து மருந்துடா. உனக்கு இருக்கே, இதே கம்ப்ளெயின்ட்டுக்குன்னே சைனாக்காரன் கண்டுபிடிச்சது.'

நான் பி.காம். படித்தவன். மருத்துவம் தெரியாது. ஆனால் எந்த வவுச்சரைப் பார்த்தாலும் பின்னால் பில் இருக்கிறதா என்று பார்க்கிற புத்தி மட்டும் போகவில்லை. ஆயிரத்து எண்ணூறு வருஷம் சரி. இதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்திருக்கிறார்கள். அந்தக் கதை நான் நினைத்ததைவிடப் பெரியது.

நண்பன் சொன்ன வயதில் தப்பில்லை. சீனாவில் ஹான் பேரரசு உடைந்துகொண்டிருந்த காலம். ஜாங் ஜோங்ஜிங் என்று ஒரு மருத்துவர். அவருடைய குடும்பம் பெரியது, இருநூறு பேருக்கு மேல். கி.பி. 196-க்குப் பிறகு பத்து வருடம் ஆவதற்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் காய்ச்சல். இதை அவரே தன் நூலின் முன்னுரையில் எழுதிவைத்திருக்கிறார். சொந்தக்காரர்களை வரிசையாகப் புதைத்த ஒரு மனிதர், இனி இப்படி ஆகக் கூடாது என்று உட்கார்ந்து, எந்த நோய்க்கு எந்தக் கஷாயம், எத்தனை அளவு, எவ்வளவு வற்ற வேண்டும் என்று எழுதிய புத்தகம் அது.

காய்ச்சல் பகுதி தனியாகப் பிரிந்து பிரபலமாகிவிட்டது. மற்ற நோய்களைப் பற்றிய பகுதி காணாமலே போய்விட்டது. பல நூற்றாண்டுகள் கழித்து, சோங் வம்சத்துக் காலத்தில், வாங் ஜூ என்கிற அறிஞர் அரண்மனை நூலகத்தைக் குடைந்துகொண்டிருந்தபோது பூச்சி அரித்த பழைய சுவடிகளில் அதன் சுருக்கம் ஒன்று கிடைத்தது. அதைச் சரிபார்த்துப் பதிப்பித்தார்கள். 'தங்கப் பெட்டகத்துக் குறிப்புகள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம்.

அதில் பெண்களுக்கு வரும் நோய்கள் பற்றிய அத்தியாயத்தில் என்னுடைய வியாதி இருக்கிறது! வாட்டிய இறைச்சித் துண்டு ஒன்று தொண்டையில் சிக்கிக்கொண்ட உணர்வு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, உடனே மருந்துக்குப் போய்விடுகிறார் ஜாங். பின்னால் வந்த சீன வைத்தியர்கள் இதற்கு 'பிளம் கொட்டை வாயு' என்று பெயர் வைத்தார்கள். துப்பவும் முடியாது, முழுங்கவும் முடியாது. காரணம், கவலை. மனசில் அடைத்துக்கொண்டது தொண்டையில் அடைக்கிறது என்பது அவர்கள் கணக்கு. என் டாக்டர் சொன்ன அதே டென்ஷன்தான்.

மருந்தின் பெயர் பான்ஷியா ஹோபூ டாங். டாங் என்றால் கஷாயம். ஐந்து சரக்கு. பான்ஷியா என்பது நம்ம சேனை, சேம்புக் குடும்பத்துக் கிழங்கு. பச்சையாகக் கடித்தால் தொண்டையை அரித்து எடுத்துவிடும், பக்குவம் பண்ணித்தான் போட வேண்டும். ஹோபூ என்பது மாக்னோலியா மரத்தின் பட்டை. மூன்றாவது, பைன் மர வேரில் கட்டியாக வளரும் ஒரு பூஞ்சை. நாலாவது இஞ்சி. அஞ்சாவது, பெரில்லா என்று துளசிக் குடும்பத்து இலை ஒன்று. ஏழு பங்கு தண்ணீர் விட்டு நாலு பங்காக வற்றவைத்து, பகலில் மூன்று வேளை, ராத்திரி ஒரு வேளை. நம் வீட்டுப் பெரியவர்கள் கையில் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடுவார்கள்.

ஒரே ஒரு சிக்கல். மாக்னோலியா பட்டை மூன்று 'லியாங்' என்கிறார் ஜாங். ஹான் காலத்து லியாங் என்பது எத்தனை கிராம்? பதினைந்துக்குப் பக்கம் என்கிறார்கள் ஒரு சாரார். நடைமுறையில் மூன்று கிராம் என்று வைத்துக்கொண்டு மருந்து கட்டுகிறார்கள் இன்னொரு சாரார். அஞ்சு மடங்கு வித்தியாசம்! 'ஆயிரத்து எண்ணூறு வருஷமா மாறாத மருந்து' என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாறவில்லை. அளவு மாறியிருக்கிறது.

பழைய சீனாவில் சோதனையே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். 1061-ல் சூ சோங் என்பவர் தொகுத்த மூலிகை நூலில் ஓர் அருமையான யோசனை இருக்கிறது. ஜின்செங் வேர் அசலா, போலியா எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு ஆட்களைப் பிடி. ஒருத்தன் வாயில் வேரைக் கொடு. இன்னொருத்தனுக்கு ஒன்றும் கொடுக்காதே. இரண்டு பேரையும் மூணு முதல் அஞ்சு லீ தூரம், அதாவது சுமார் ஒன்றரையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர், ஓடவிடு. வேர் அசல் என்றால் சும்மா ஓடினவனுக்கு மூச்சு வாங்கும். வாயில் வைத்திருந்தவன் சாதாரணமாக நிற்பான்.

மொத்தமே இரண்டு ஆள்தான். அதில் ஒருத்தன் தொப்பைக்காரனாக இருந்தால் தீர்ந்தது கதை. ஆனால் பாருங்கள், மருந்து கொடுத்தவனைக் கொடுக்காதவனோடு ஒப்பிட வேண்டும் என்கிற எண்ணம் அங்கே வந்துவிட்டது. கப்பல் சிப்பாய்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு மட்டும் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து ஸ்கர்வியைச் சோதித்த ஜேம்ஸ் லிண்டின் வருடம் 1747. கிட்டத்தட்ட எழுநூறு வருடம் பிந்தி.

ஓட்டத்தில் மூச்சு வாங்குவது கண்ணுக்குத் தெரியும். கவலை குறைந்ததை எப்படிப் பார்ப்பது? அங்கேதான் வண்டி நின்றது. அதை மறுபடி நகர்த்தியது சீனா இல்லை, ஜப்பான்.

சீன வைத்தியம் ஜப்பானுக்குப் போய் 'காம்போ' ஆனது. நம்ம கஷாயம் அங்கே 'ஹாங்கே கோபோகு டோ'. அதோடு இன்னொரு பழைய கஷாயத்தைச் சேர்த்துப் பத்து சரக்கு போட்டு 'சைபோகு டோ' என்றும் ஒன்று செய்தார்கள். ஆஸ்துமாவுக்கும் அதோடு சேர்ந்து வருகிற பதற்றத்துக்கும் அது. மெய்ஜி அரசாங்கம் 1883-ல் மேற்கத்திய மருத்துவத்தில் பரீட்சை பாஸ் செய்தவன்தான் டாக்டர் என்று சட்டம் போட்டதும் காம்போ படுத்துவிட்டது. எழுந்திருக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1976-ல் அரசு மருத்துவ இன்ஷூரன்ஸிலேயே காம்போ மருந்துகளைப் பெரிய அளவில் சேர்த்தார்கள். அங்கே எம்.பி.பி.எஸ். மாதிரிப் படித்த டாக்டரே சீட்டில் கஷாயப் பொடி எழுதித் தருவார். அரசாங்கம் பணம் தருகிறதென்றால், சும்மா விடுமா? ஏன் வேலை செய்கிறது என்று கேள்வி வரும்.

அதே காலத்தில் உலகம் வேறொரு காரணத்துக்காகவும் மூலிகைப் பக்கம் திரும்பியிருந்தது. 1963-ல் வாலியம் வந்தது. எழுபதுகளில் அமெரிக்காவில் டாக்டர்கள் அதிகம் எழுதித் தந்த மருந்தே அதுதான். பதற்றம் போகும். கூடவே தூக்கம் வரும், தசை தளரும், ரொம்ப நாள் சாப்பிட்டால் விடமுடியாது. தூங்கவைக்காமல், அடிமையாக்காமல், பயத்தை மட்டும் குறைக்கிற சரக்கு ஏதாவது உண்டா என்று ஆராய்ச்சிக்காரர்கள் தேட ஆரம்பித்தார்கள்.

ஜப்பானின் குன்மா பல்கலைக்கழகத்தில் குரிபாரா, மருயாமா என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், டெக்ஸாஸிலிருந்து ஸ்டாவினோஹா என்பவர். இவர்கள் 1998-லிருந்து வெளியிட்ட கட்டுரைகளைத்தான் நான் தேடிப் படித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதி துப்பறியும் கதை மாதிரி இருந்தது.

எலிக்குப் பயம் குறைந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டல் குறி வடிவத்தில் ஒரு மேடை. தரையிலிருந்து உயரத்தில் நிற்கும். நாலு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு மொட்டை. நடுவில் சுண்டெலியை விடுகிறார்கள். எலிக்கு இரண்டு ஆசை. ஒன்று, புது இடத்தைச் சுற்றிப் பார்க்கணும். இன்னொன்று, உயிரோடு இருக்கணும். சாதாரண எலி எட்டிப் பார்த்துவிட்டுச் சுவருக்குள் ஓடிவிடும். வாலியம் கொடுத்த எலி மொட்டைக் கையில் நிதானமாக வாக்கிங் போகும். சில நிமிடங்கள். மொட்டைக் கையில் எத்தனை விநாடி இருந்தது என்று எண்ண வேண்டியதுதான். எண்பதுகளில் புழக்கத்துக்கு வந்த சோதனை இது. புதுக் கம்பெனியில் ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் இன்டர்வியூ பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மேடைதான் ஞாபகம் வருகிறது.

கஷாயம் கொடுத்த எலி என்ன செய்தது? ஒரே ஒரு நாள் கொடுத்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏழு நாள் தொடர்ந்து கொடுத்தபோது மொட்டைக் கைக்குப் போய் நின்றது.

இப்போதுதான் விஷயமே. பத்து சரக்கில் எது காரணம்?

ட்ரையல் பாலன்ஸ் டேலி ஆகாதபோது நாங்கள் என்ன செய்வோம்? ஒவ்வொரு என்ட்ரியாக எடுத்துவிட்டுப் பார்ப்போம். அவர்களும் அதையேதான் செய்தார்கள். மாக்னோலியா பட்டையை மட்டும் விட்டுவிட்டு, மீதி சரக்குகளைப் போட்டு அதே கஷாயத்தைக் காய்ச்சினார்கள். எலி சுவருக்குள் திரும்பி ஓடிவிட்டது! பட்டைக்குள் மேலும் தேடியதில் ஹோனோகியோல், மாக்னோலோல் என்று இரண்டு பொருள்கள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒவ்வொன்றிலும் 18 கார்பன், 18 ஹைட்ரஜன், 2 ஆக்ஸிஜன். அடுக்கியிருக்கும் விதம் மட்டும்தான் வேறு. பதற்றத்தைக் குறைப்பதில் கெட்டிக்காரப் பிள்ளை ஹோனோகியோல். ஒரே வேளையில் எலிக்குத் தெரியவேண்டுமென்றால் ஒரு கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் வேண்டியிருந்தது. ஏழு நாள் கொடுத்தபோது 0.2 மில்லிகிராமே போதும். நூறில் ஒரு பங்கு. அந்த அளவில் வாலியம் எலி மாதிரித் தசை தளரவும் இல்லை.

மூளையில் காபா என்றொரு ரசாயனம், நரம்புகளின் ஆட்டத்தை அடக்கிவைப்பது அதன் வேலை. அது வந்து உட்காரும் இடத்தில் உதவிக்கு நிற்பதுதான் வாலியத்தின் தொழில். ஹோனோகியோலும் மாக்னோலோலும் அதே இடத்தில்தான் வேலை செய்கின்றன என்று பின்னால் தெரிந்தது. 'இது கெமிக்கல் இல்லை சார், இயற்கை' என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

ஆக, ஜாங் ஜெயித்தார் என்று சொல்லிவிடலாமா?

எலி ஜெயித்தது. மனுஷன் விஷயத்தில் கதை இழுக்கிறது. 2008-ல் அமெரிக்காவில் மாக்னோலியா பட்டைச் சாறோடு இன்னொரு சீன மரப்பட்டையும் சேர்த்து, ஆரோக்கியமான சில பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. அந்த நேரத்துப் படபடப்பு குறைந்தது. நெடுநாள் கவலைக் குணம் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. அதுவும் ரொம்பச் சின்னச் சோதனை. கஷாயமாகவே சோதிப்பது இன்னும் கஷ்டம். அதே கசப்பு, அதே வாசனை, ஆனால் மருந்து இல்லாத கஷாயத்தை எங்கே போய்ச் செய்வது?

சீனாவிலேயே நிறையச் சோதனை நடந்திருக்கிறதே என்பீர்கள். 1998-ல் ஆண்ட்ரூ விக்கர்ஸ் என்பவர் எந்தெந்த நாட்டில் எத்தனை சோதனை வெற்றி என்று ஒரு கணக்குப் போட்டார். மூலிகை மட்டும் இல்லை, எல்லா வகை வைத்தியமும். இங்கிலாந்தில் 75 சதவீதம் வெற்றி. சீனாவில் 99. ஒரு கம்பெனி வருஷா வருஷம் எல்லாக் கிளையிலும் லாபம் என்று கணக்குக் காட்டினால் ஆடிட்டர் சந்தோஷப்பட மாட்டார். ஸ்டாக் ரூம் சாவியைக் கேட்பார்.

இதெல்லாம் பேப்பர் விவகாரம் என்று நினைத்திருந்தேன், பிரஸ்ஸல்ஸ் கதையைப் படிக்கும்வரை.

பெல்ஜியத்தின் தலைநகரில் உடல் இளைக்கவைக்கும் கிளினிக் ஒன்று. பதினைந்து வருடமாக நடந்துகொண்டிருந்தது. எந்தப் புகாரும் இல்லை. 1990 மே மாதம் மாத்திரை ஃபார்முலாவை மாற்றினார்கள். இரண்டு சீன மூலிகைகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். அதில் ஒன்று, நம்ம மாக்னோலியா பட்டை. இன்னொன்று ஸ்டெஃபானியா என்கிற கொடியின் வேர்.

1992-ல் இரண்டு பெண்கள் சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஐம்பது வயது ஆகவில்லை. இரண்டு பேரும் அதே கிளினிக்கில் இளைக்கப் போனவர்கள். டாக்டர்கள் விசாரிக்க விசாரிக்க எண்ணிக்கை ஏறியது. கடைசியில் நூறைத் தாண்டியது. டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம்.

மாக்னோலியா குற்றவாளி இல்லை. ஸ்டெஃபானியாவும் இல்லை. குற்றவாளி, பெயர். ஸ்டெஃபானியா வேருக்குச் சீனத்தில் 'ஹான் ஃபாங் ஜி'. அரிஸ்டோலோக்கியா என்று வேறொரு செடி, அதன் வேருக்கு 'குவாங் ஃபாங் ஜி'. கடையில் இரண்டும் 'ஃபாங் ஜி'. சீட்டில் எழுதியது ஒன்று, மூட்டையில் வந்தது இன்னொன்று. அரிஸ்டோலோக்கியாவில் இருக்கும் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கி நாராக்கிவிடும். அதோடு விடாது, பல வருடம் கழித்துப் புற்றுநோயும் கொண்டுவரும். இனிமேல் உபயோகமில்லாத சிறுநீரகத்தை முன்னெச்சரிக்கையாக எடுத்துவிடச் சம்மதித்தவர்கள் 39 பேர். எடுத்துப் பார்த்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய். 2000-ல் வெளிவந்த கணக்கு இது.

இளைக்க ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

பதற்றத்துக்கும் வலிக்கும் தூக்கமின்மைக்கும் என்று அமெரிக்காவில் 'ஜின் பு ஹுவான்' மாத்திரை விற்றார்கள். தங்கம் கொடுத்தாலும் தரமாட்டேன் என்கிற மாதிரி அர்த்தம். 1993-ல் கொலராடோ மாநிலத்தில் மூன்று குழந்தைகள், வேறு வேறு வீட்டில், கைக்கு எட்டிய பாட்டிலைத் திறந்து தின்றுவிட்டன. மூச்சும் இதயத் துடிப்பும் அபாயகரமாக இறங்கிவிட்டது. நல்லவேளை, மூன்றும் பிழைத்தன. லேபிளில் போலிகாலா என்கிற செடியின் பெயர். உள்ளே சோதித்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்தச் செடியிலேயே இல்லாத ஒரு மயக்க ரசாயனம்.

லேபிள் ஒழுங்காக இருந்தாலும் நிம்மதி இல்லை. 1996-ல் ஜப்பான் அரசாங்கம் 'ஷோ சைகோ டோ' கஷாயம் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. கல்லீரல் நோய்க்கு அதைச் சாப்பிட்டவர்களில் 88 பேருக்கு நுரையீரல் அழற்சி வந்து, 10 பேர் இறந்திருந்தார்கள். சரக்கு சுத்தம், தயாரிப்பு சுத்தம், எழுதிக் கொடுத்தது டாக்டர். சைபோகு டோ செய்ய நம்ம கஷாயத்தோடு சேர்த்தார்கள் என்று சொன்னேனே, அந்த இன்னொரு கஷாயம் இதுதான்.

இத்தனையும் படித்து முடித்துவிட்டுச் சிங்கப்பூர் பாட்டிலை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் பார்த்தேன். ஐந்து சரக்கு பெயரும் இருந்தது. மாக்னோலியாவும் இருந்தது. ஹோனோகியோல் எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. மரத்தின் வயசுக்கும், உரித்த காலத்துக்கும், காயவைத்த பக்குவத்துக்கும் தகுந்தாற்போல அது மாறும். மூட்டையில் வந்தது அசல் பட்டைதானா என்று பார்த்தவர் யார் என்றும் இல்லை. ஒரு சீனக் கிழவர் படம் இருந்தது. தாடியோடு, சிரித்த முகம்.

பாட்டிலை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். பேத்தி வயதில் பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை, எதையும் வாயில் வைக்கும்.

மூன்று மாதம் போயிற்று. வீட்டுக் கடன் விவகாரம் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது, அது ஒரு வழியாக முடிந்தது. அதற்கு அடுத்த வாரமோ என்னமோ, எச்சில் முழுங்கும்போது ஒன்றும் தட்டுப்படவில்லை என்று திடீரென்று கவனித்தேன். எப்போது போனதென்றே தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்து சிங்கப்பூரிலிருந்து போன்.

'தொண்டை எப்படிடா இருக்கு?'

'சரியாப் போச்சு.'

'பாத்தியா! நான் சொன்னேன்ல? ரெண்டு பாட்டில் அனுப்பறேன், ஒண்ணு உங்க அண்ணனுக்குக் குடு.'

நான் மூடியையே திறக்கவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டான்.